ஜிலேபி மீனுக்குத் திறப்பு விழா

ஒரகடத்தில் கார்க் கதவுக்கு ரப்பர் மாட்டிக்கொண்டிருந்த செல்வலட்சுமியை மீனவப் பெண்ணாக மாற்றியது கடவுள் அல்ல, எச்.ஆர். ஆபீசர் ஸ்ரீதர். கம்பெனி அந்த வருஷம் உள்ளூர் மீனவர்களைக் கைதூக்கி விடுவதென்று முடிவெடுத்திருந்தது. போன வருஷம் மரக்கன்றுகளைக் கைதூக்கி விட்டார்கள். ஆடு மேய்ந்துவிட்டது. மீனவர்களை ஆடு மேயாது என்ற தைரியத்தில் இந்த வருஷம் இறங்கியிருந்தார்கள்.

"நீங்க சவுத்துதானே? தூத்துக்குடி சைடு?" என்றார் ஸ்ரீதர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி.

"சங்கரன்கோவில் பக்கம் சார். எங்கூர்ல குடிக்கத் தண்ணியே லாரியிலதான் வரும்."

"மேப்புல பார்த்தா கடல் கிட்டத்தானே இருக்கு?"

"மேப்புல எல்லாமே கிட்டத்தான் சார் இருக்கும்."

ஸ்ரீதர் அதற்குள் அவள் பெயரை டைப் அடித்து முடித்துவிட்டார். 'மீனவ சமுதாய ஒருங்கிணைப்பாளர்' என்று அட்டை வந்தது. செல்வலட்சுமி கடலைப் பார்த்ததே மூன்று முறைதான், மூன்றும் திருச்செந்தூரில், அதில் ஒருமுறை அலை வந்து செருப்பைக் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். ஒருங்கிணைக்கிற நாட்களில் லைனில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டாம். அவளுடைய இரண்டு குதிகால்களும் ஒருமனதாகச் சம்மதித்தன.

முதல் வேலை சர்வே. வடக்குப்பட்டைத் தாண்டி ஓர் ஏரி. அதில் மீன்பிடிக்கும் உரிமை இருபத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்த ஒரு சங்கத்துக்கு. ஏரிக்கரையில் ஓரிடத்தில் மட்டும் மண் சரிவாக இறங்கியிருந்தது. விடிந்ததும் பரிசல்களை அந்தச் சரிவில் இழுத்து ஏற்றி, வேப்பமரத்தடியில் மீனைக் கொட்டுவார்கள். நைட் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் அங்கே நின்று போகும். மிச்சம் இருப்பதை ஒன்பது மணிக்கு ஐஸ் ஆட்டோ படப்பைக்கு ஏற்றிப்போகும்.

சங்கத்துச் செயலாளர் கனகம். ஐம்பது வயது, ஏரியின் எதிர்க்கரைக்குக் கேட்கும் குரல். செல்வலட்சுமி சர்வே பாரத்தை நீட்டியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, நீயும் எழுதிக்கினு போவ வந்தியா? இதுவரிக்கும் எழுதிக்கினு போன பேப்பர அடுக்கியிருந்தா கரை ரெண்டடி ஒசந்திருக்கும்."

"நான் ஒழுங்கா எழுதுதேன்க்கா. என்ன வேணும்னு சொல்லுங்க."

"வெயிலுக்கு ஒரு கூரை. கழுவ ஒரு கொழா. ஐஸ் பொட்டி ஒண்ணு. அவ்ளோதான். அப்பால, இந்தச் சரிவுல எவனும் கை வெக்கக் கூடாது. பரிசல் ஏர்றதுக்கு இது ஒண்ணுதான் வழி. மத்த எடமெல்லாம் கருங்கல்லா கீது."

பாரத்தில் மூன்றே கட்டங்கள்: விழிப்புணர்வு, பயிற்சி, அழகுபடுத்துதல். செல்வலட்சுமி மூன்றையும் விட்டுவிட்டு, ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதி, 'சரிவு' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.

பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது சரிவைக் காணோம். கலர் கலராக ஓடு பதித்து, முன்னால் பளபளக்கும் கம்பி வேலி. நடுவில் ஒரே ஒரு கேட், அதற்கும் பூட்டு. பக்கத்தில் ஏழடி உயர பைபர் மீன், பக்கத்தில் நின்று செல்பி எடுக்க. மீன் என்பது கம்பெனியின் கருத்து. அது டால்பின்.

கனகத்தின் புருஷன் தணிகாசலம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "முப்பது வருசமா வலை போட்றேன். இது நம்ம ஏரில எந்த மூலைல கீதுன்னு தெரியலியே" என்றார்.

பரிசல்களைக் கருங்கல் மேல் தூக்கி ஏற்றியதில் இரண்டு கிழிந்துபோயிருந்தன. கனகம் கிழிசலில் விரலை விட்டுக் காட்டினாள்.

நேராக ஸ்ரீதரிடம் போனாள். "சார், அவிய கேட்டது கூரையும் குழாயும். நீங்க இருந்த வழியையும் அடைச்சிட்டிய. நான் ஓரத்துல எழுதியிருந்தேன்லா?"

"ஓரத்துல எழுதினா ஸ்கேன்ல வராதும்மா. இனாகுரேஷன் முடியட்டும், பார்க்கலாம். இந்தாங்க உங்க ஸ்பீச். நல்லா மனப்பாடம் பண்ணிடுங்க. அப்புறம் மீனவ கெட்டப் வேணும். சேலையை ஏத்திக் கட்டி, தோள்ல ஒரு வலை."

வலைக்கு ஸ்போர்ட்ஸ் ரூமிலிருந்து வாலிபால் நெட்டை எடுத்துக் கொடுத்தார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் ஷிப்ட் முடிந்ததும் அவள் ஏரிக்குப் போனாள். "அக்கா, நாளைக்குக் காலைல எட்டரைக்கு டைரக்டர் வாராவ. அவிய ரிப்பன் வெட்டுன பிறவுதான் கேட்டத் திறப்பாவளாம்."

"வலை போட்டாச்சும்மா. டைரக்டர் வரவரிக்கும் இருன்னு மீன்கிட்ட யார் சொல்றது?" கனகம் வேலியை ஒரு பார்வை பார்த்தாள். "எட்டரைக்குத் தொறப்பானா? செரி. தொறந்ததும் வர்றோம். நீ உன் வேலையப் பாரு. எங்களுக்காக வேலைய வுட்டுக்கினு நிக்காத."

மறுநாள் காலை கேட்டிலிருந்து மேடை வரைக்கும் சிவப்புக் கம்பளம். டைரக்டர் வடக்கத்திக்காரர், சுத்த சைவம். தண்ணீரில், கரையிலிருந்து கல்லெறி தூரத்தில், பதினோரு பரிசல்கள் அசையாமல் நின்றன. "வெரி நைஸ் அரேஞ்ச்மெண்ட்" என்றார் டைரக்டர். ஸ்ரீதர் அந்தப் பாராட்டை அடக்கத்தோடு வாங்கிக்கொண்டார்.

ரிப்பன் வெட்டி, கேட்டைத் திறந்தாயிற்று. செல்வலட்சுமி தோளில் வாலிபால் நெட்டோடு மைக் முன்னால் நின்றாள்.

"வணக்கம். நான் ஒரு மீனவப் பெண். அலைகளின் மடியிலே பிறந்து, உப்புக் காற்றிலே வளர்ந்து..."

"நம்ம ஏரில எப்போம்மா உப்பு கலந்தாங்க?" என்று கீழே பரிசலிலிருந்து கனகத்தின் குரல் வந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. டைரக்டரும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்.

செல்வலட்சுமிக்குக் காது சுட்டது. ஆனால் கனகத்தின் மேல் கோபம் வரவில்லை. தோளில் தொங்கிய நெட்டின் மேல்தான் வந்தது. அதைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். பேப்பரை மடித்தாள்.

"நான் மீனவப் பொண்ணு இல்ல. கதவு லைன்ல ரப்பர் மாட்டுதேன். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. இவிய எங்கிட்ட மூணே மூணு சாமான் கேட்டாவ. கூரை, குழாய், ஐஸ் பெட்டி. அதுல ஒண்ணுகூட வரல. இருந்த ஒரே வழியையும் அடைச்சிட்டு டால்பின நிப்பாட்டியிருக்கோம். அது இந்தத் தண்ணியில வாழாது. இவிய வாழணும்."

ஸ்ரீதர் மைக்கை அணைக்கச் சொல்லிக் கை காட்டினார். அணைத்தார்கள். அதற்குள் பரிசல்கள் கரையைத் தொட்டுவிட்டன. திறந்திருந்த வழி அந்த ஒரு கேட்தான். அதன் வழியே தலையில் கூடையோடு இருபது பேர் சிவப்புக் கம்பளத்தின் மேல் வரிசையாக ஏறி வந்தார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட, செதில் உதிர உதிர. மேடை மேசையிலிருந்த பூச்செண்டை ஒதுக்கிவிட்டுத் தணிகாசலம் தராசை வைத்தார். வேறு சமதளம் அங்கே இல்லை.

"வாட் இஸ் திஸ்?" என்றார் டைரக்டர்.

"ஜிலேபி, சார்" என்றார் ஸ்ரீதர் பதற்றத்தில். ஏரியில் கிடைக்கிற அந்த மீனுக்கு ஊரில் அதுதான் பெயர்.

டைரக்டர் முகம் மலர்ந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தார். ஜிலேபி துள்ளி அவர் ஷூ மேல் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து நைட் ஷிப்ட் பஸ்கள் இரண்டு வந்து நின்றன. ஹாஸ்டல் பெண்களும் பையன்களும் இறங்கி மேடையை மொய்த்துக்கொண்டார்கள். கனகத்துக்கு இரண்டு கை போதவில்லை. நிறுத்துக்கொண்டிருந்த நாலு கிலோ கட்லாவைப் பக்கத்தில் சும்மா நின்றவர் கையில் திணித்தாள். "புடி கண்ணு, ஒரு நிமிசம்." பிடித்தவர் டைரக்டர். மீன் வாலை அடித்தது, அவர் வாயைப் பிளந்தார், போட்டோகிராபர் கடமையைச் செய்தார்.

மறுநாள் அந்தப் படம் பேப்பரில் வந்தது. 'ஏரிக்கரையில் மீன் சந்தை: தொழிற்சாலை அமைத்துக் கொடுத்தது.' வாய் பிளந்திருந்தது படத்தில் ஆனந்தச் சிரிப்பாகவே தெரிந்தது. ஹெட் ஆபீஸ் பாராட்டி மெயில் அனுப்பியது. அடுத்த மாதம் வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள், அந்தச் சந்தையைக் காட்டவும் என்று கடைசி வரியில் இருந்தது.

ஸ்ரீதர் அந்த வரியை நாலு முறை படித்தார். பிறகு தானே ஏரிக்கு வந்து கனகத்தின் முன்னால் நின்றார்.

"அம்மா, ஒரு சந்தைக்கு என்னென்ன வேணும்?"

"எழுதிக்கோ. ஓரத்துல எழுதாத, நடுவுல எழுது" என்றாள் கனகம்.

மூன்று வாரத்தில் தகரக் கூரை வந்தது. குழாயும் வந்தது. ஆளுயர ஐஸ் பெட்டி வந்தது. சரிவிலிருந்த ஓடுகளைப் பெயர்த்தார்கள், வேலியை அறுத்தார்கள். டால்பினை ஓரமாக நகர்த்தி அதன் முதுகில் வலை காயப் போட்டார்கள். அதற்கு அது மிகவும் வசதியாக இருந்தது. விருந்தாளிகள் கடைசிவரை வரவே இல்லை.

செல்வலட்சுமிக்கு ஒரு மெமோ வந்தது: 'அங்கீகரிக்கப்பட்ட உரையிலிருந்து விலகியமைக்காக.' ஒருங்கிணைப்பாளர் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவளைப் பழையபடி கதவு லைனுக்கே அனுப்பினார்கள். முதல் வாரம் கால் வலி உயிரை எடுத்தது. ஆனாலும் மெமோவை அவள் கிழித்துப் போடவில்லை. ரூமில் உடன் தங்கியிருந்த பூமாரி, சுகப்பிரியா எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். 'விலகியமைக்காக' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் கை தட்டினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஏரிக்குப் போனபோது கனகம் கூரை நிழலில் உட்கார்ந்து விரால் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஊர் பூரா எங்களுக்காகப் பேசின. ஒருவாட்டியாவது தண்ணிமேல போயிருக்கியா?"

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"மைக்ல பயம் இல்ல, பரிசல்ல பயமா? யோவ், இவள இட்டுக்கினு போய் ஒரு ரவுண்டு சுத்திட்டு வா."

தணிகாசலம் பரிசலைத் தள்ளினார். இருபதடி போவதற்குள் அது பம்பரமாகச் சுற்றியது. செல்வலட்சுமி அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏ அண்ணாச்சி, கரைக்கு விடுங்க, கரைக்கு விடுங்க!" என்று அலறினாள். கரையில் மீன் வாங்க நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அலறிக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் அவர் துடுப்பைக் கரைப்பக்கம் திருப்பியதும், "இன்னொரு சுத்து மட்டும்" என்றாள்.