பின்னோக்கி ஓடிய ஜீப்பின் முன் ஆக்ஸில்

1

இந்தக் கதை ஒரு தைல பாட்டிலில் தொடங்கியது. போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டு, என்னோடு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ரூபா, "அக்கா, கழுத்துப் பிடிப்புக்கு எந்தத் தைலம் நல்லது?" என்று கேட்டாள். யாருக்கு என்றேன். நிக்கோபாரில் கட்சால் தீவில் இருக்கும் அவளுடைய அக்கா நீலாவதியின் புருஷனுக்காம்.

"அத்தான் கொஞ்ச நாளா ஜீப்ப ரிவர்ஸ்லயே ஓட்டுறாங்க."

"ரிவர்ஸ்ல எவ்வளவு தூரம்?"

"எல்லா எடத்துக்கும்தான். ஜெட்டிக்கு, ஆஸ்பத்திரிக்கு, போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு."

நான் என்ன வாங்க வந்தேன் என்பது மறந்துபோயிற்று.

2

எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது: 'ரப்பர் மரங்களின் இடையே அந்திச் சூரியன் ஒரு சிவந்த...' ரூபா படித்துவிட்டு, "அந்தத் தோட்டத்துல சூரியனே தெரியாது அக்கா" என்றாள். விட்டுவிட்டேன். இரண்டாவது: 'அழகையாவின் வாழ்க்கை பின்னோக்கியே...' இதை முடிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அழகையாவும் நீலாவதியும் கட்சாலில் ரப்பர் தோட்டக் குடியிருப்பில் இருப்பவர்கள். அவர்களிடம் ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்று உண்டு. கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்கும் தோட்டத்துக்கும் இடையே ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. ஒரு மழைநாளில் பள்ளத்தில் இறங்கி ஏறியதிலிருந்து அதன் முன் சக்கரங்கள் குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி நடுங்க ஆரம்பித்தன. ஸ்டியரிங் நடுங்கியது. அழகையாவின் பற்கள் நடுங்கின. பின்னால் இருந்த பெங்காலிக் கிழவர் மடியிலிருந்த கோழி நடுங்கி முட்டையிட்டது. (ரூபா: "கோழிய நீங்களா சேத்துக்கிட்டீங்க." ஆமாம்.)

முன் ஆக்ஸிலின் இரண்டு முனையிலும் சக்கரம் திரும்புவதற்காக இருக்கும் கிங் பின்னும் அதன் பேரிங்கும் தேய்ந்துவிட்டன. புதியது போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பலோ தன் இஷ்டத்துக்கு வரும். அலுத்துப்போய் வீட்டுக்குத் திருப்ப ரிவர்ஸ் போட்டபோதுதான் அழகையா அதைக் கண்டுபிடித்தார்: பின்னோக்கிப் போனால் வண்டி நடுங்கவில்லை.*

* ஏன் என்று கேட்காதீர்கள். வண்டியைப் பிறகு சரிசெய்த மெக்கானிக் சாகுல் பாய் எனக்கு விளக்கினார். தலையாட்டினேன்.

3

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள் என்று ஒரு பத்தி இங்கே எழுதி வைத்திருந்தேன். வேண்டாம். பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். ஜெட்டியில் ஜீப்பின் பின்புறம் வருவதைப் பார்த்ததும் "அழகையா வாறாரு" என்று மூட்டையைத் தூக்கினார்கள்.

கழுத்தைத் திருப்பி ஓட்டும் அழகையாவுக்கு வழி சொல்ல ஆள் வேண்டியிருந்தது. நீலாவதி பின்பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்தாள். பயணிகளில் பல பாஷைக்காரர்கள் உண்டென்பதால் பொதுவாக இந்தியில் கத்தினாள். இடதுக்கு "பாயே!" வலதுக்கு "தாயே!" புதிதாக மாற்றலாகி வந்த தமிழ் நர்ஸ் ஒருவர், அந்த அம்மா வழி முழுக்க இப்படிச் சாமி கும்பிட்டுக்கொண்டு வருகிறாரே, வண்டி அவ்வளவு மோசமா என்று பயந்து பாதியில் இறங்கி நடந்தாராம்.

இதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு ரூபா இன்னொன்று சொன்னாள். அதற்கப்புறம் இது அழகையாவின் கதையாக இல்லை.

நீலாவதியின் திருமண வாழ்க்கையில் அழகையா பேசியவை பெரும்பாலும் "சோறு", "சாவி", "வாறேன்". கெட்ட மனிதர் இல்லை, வார்த்தை வராது. இப்போது தினமும் ஜெட்டி வரை அவர் முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது. வழி கேட்டார். வழி கேட்டபடியே, "ராத்திரி இருமினியே, சரியாயிட்டா?" என்றும் கேட்டார். ஒருநாள், அவள் மூக்குத்தி எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இருக்கிறது என்றாள் நீலாவதி. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தத் தடுமாற்றத்தில் ரோட்டில் வந்த பன்றி மேல் வண்டியை ஏற்றப் பார்த்தார்.

ஆனால் அவர் கழுத்து திரும்பியபடியே நின்றுவிட்டது. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கவாட்டில் உட்கார வேண்டியிருந்தது. நீலாவதி இரவில் தைலம் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க, அந்தக் கப்பல் வரக்கூடாதே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னைத் திட்டிக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

4

கப்பல் வந்தது. கிங் பின்னோடு மெக்கானிக் சாகுல் ஹமீதும் வந்தார். வழியெல்லாம் வாந்தி. ஜெட்டியில் இறங்கியும் தரை ஆடுகிறது என்றார். ஜீப்பை மரக்கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தியதும் அதன் அடியில் போய்ப் படுத்தவர், "இங்கதான் துனியா அசையாம இருக்கு" என்று வெளியே வர மறுத்துவிட்டார். டீ, சோறு எல்லாம் அடியிலேயே. முன் ஆக்ஸிலைக் கழற்றி, பழைய பின்னைத் தட்டி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, புதிய பேரிங்குகளை ஒரு துணியில் பரப்பி வைத்தார்.

மாலையில் ஒரு பேரிங்கைக் காணோம்.

அதை நீலாவதி எங்கே ஒளித்தாள்? கடலில் எறிந்தாள் என்று முதலில் எழுதினேன், சினிமாவாக இருந்தது. அரிசி டிரம்மில் என்று மாற்றினேன். ரூபா அக்காவையே போனில் கேட்டாள். பதிலை அப்படியே தருகிறேன்.

"எங்கயும் ஒளிக்கலடி. கையிலதான் வச்சிருந்தேன். ஒருத்தரும் என் கையப் பாக்கல."

ஒரு கையில் பேரிங்கோடு மறு கையால் டீ கொடுத்திருக்கிறாள். அவர்களோடு சேர்ந்து புல்லை விலக்கித் தேடியும் இருக்கிறாள்.

5

ஜீப் கட்டை மேல் நின்றது. இப்போது முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. அழகையா அசையாத வண்டியில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஒருக்களித்த கழுத்தோடு சும்மா உட்கார்ந்திருந்தார். நீலாவதி தன் வழக்கமான இடத்தில் ஏறி உட்கார்ந்து கையை விரித்தாள். உள்ளங்கை முழுக்க கிரீஸ்.

அழகையா அதில் இருந்த பேரிங்கைப் பார்த்தார்.

"ஏன்டி?"

"இது சரியாயிட்டா நீங்க திரும்பிக்குவீங்க."

"நான் ரோட்டத்தான்டி பாத்தேன்."

"தெரியும். நடுவுல நான் இருந்தேன்ல."

(இங்கே அழகையா அழுதார் என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கையைத் துடைத்தார். அதுதான் நடந்தது.)

பிறகு குனிந்து, "பாய், பேரிங் கெடச்சிருச்சு" என்றார்.

"எங்க இருந்திச்சு?" என்றது ஆக்ஸிலின் அடியிலிருந்து குரல்.

"வண்டிக்குள்ளதான்."

"அச்சா. குடுங்க."

6

ஆக்ஸில் மறுநாளே சரியாகிவிட்டது. சிக்கல் எனக்குத்தான். மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) நீலாவதி முன்சீட்டில் போய் அவர் பக்கத்தில் உட்காருகிறாள். ரூபா படித்துக் காட்டியபோது நீலாவதி சொன்னது: "பக்கத்துல உக்காந்தா ரெண்டு பேரும் ரோட்டத்தான பாப்போம்?"

ஆ) ஜெட்டிக்கு முன்னோக்கி, வீட்டுக்கு ரிவர்ஸில். இதற்கு சாகுல் பாய் கடுமையாக ஆட்சேபித்தார்: "அப்ப நான் கடலெல்லாம் வாந்தி எடுத்துட்டுப் போனது எதுக்கு?"

இ) ஒரு பெரிய கண்ணாடியை மாட்டி, அதில் அவர் அவளை... வேண்டாம். கண்ணாடி போதுமென்றால் அவள் பேரிங்கைத் தொட்டிருக்கவே மாட்டாள்.

வேறு வழியில்லாமல் நேற்று நானே நீலாவதிக்குப் போன் செய்தேன். லைன் விட்டுவிட்டு வந்தது. ஓடும் வண்டியில் இருந்தாள், இரைச்சல்.

"உங்க வீட்டுக்காரர் கழுத்து எப்படி இருக்குங்க?"

"தேவலாம்மா. நல்லாத் திரும்புது."

"எந்தப் பக்கம்?"

சிரித்தாள். பின்னால் அழகையாவின் குரல், "யாரு நீலா? என்னவாம்?" என்றது. வார்த்தை வராத அந்த மனிதர் தொடர்ந்து என்னவோ பேசிக்கொண்டிருந்தார், இரைச்சலில் பிடிபடவில்லை.

"வண்டி இப்ப முன்னால போகுதா, பின்னால போகுதா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"அதுவா? அது வந்தும்மா... என்னாங்க, பன்னி! பன்னி! ருக்கோ! நிறுத்துங்க!"

லைன் அறுந்தது. பன்றி தப்பித்தது, அதை மட்டும் அப்புறம் குறுஞ்செய்தியில் தெரிவித்தார்கள். மற்றதை நான் மறுபடி கேட்கவில்லை. ஜெட்டி ரோட்டில் நிற்பவர் நீங்களாக இருந்தால், தூரத்தில் அந்த ஜீப் வருகிறது. முதலில் கண்ணில் படுவது ஹெட்லைட்டா, பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நீலாவதியா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.