நீலக் குண்டுகள்

2018 செப்டம்பர் 15, சனிக்கிழமை, தெற்கு டகோட்டாவின் மில்லர் ஊருக்கு வெளியே நடந்த துப்பாக்கி சுடும் போட்டியில் ஓர்லன் பெக்கர் கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தார்.

அதற்கு முந்தைய வருடங்களில் முதல் மூன்று இடங்களை விட்டு அவர் இறங்கியதில்லை. துப்பாக்கி அதேதான். ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்கும் அச்சும் அதேதான். மாறியது ஒன்றுதான். வார்த்த குண்டுகள் மேல் வண்ணத்தூள் பூசி அடுப்பில் சுட்டெடுப்பார்கள். ஈயம் துப்பாக்கிக் குழாயில் ஒட்டாமல் இருக்க அந்தப் பூச்சு. இத்தனை காலமும் அவருடைய குண்டுகள் நீலம். இந்த முறை சிவப்பு.

பூசி அடுப்பில் சுடுவது அவர் மனைவி மார்லிஸின் வேலையாக இருந்தது. ஓர்லனுக்கு அதில் பொறுமை கிடையாது. மார்லிஸ் பிப்ரவரியில் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகருக்குப் போய்விட்டாள், தனியாக இருக்க. சண்டை எதுவும் நடக்கவில்லை. பெட்டியைக் காரில் வைத்த பிறகு, "நீ என்கிட்ட கடைசியா எப்ப ஒரு விஷயம் கேட்ட, ஓர்லன்?" என்றாள். அவர் யோசித்துப் பார்ப்பதற்குள் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

நீலத்தூளை அவள் ஊறுகாய் ஜாடி ஒன்றில் கொட்டி வைத்திருந்தாள். மேலே பெயர் எதுவும் இல்லை. அவள் பூசி வைத்துவிட்டுப் போன குண்டுகள் கோடை வரை வந்தன; பிறகு பார்த்தால் ஜாடி காலி. கடையில் கிடைத்தது சிவப்பு.

போட்டி முடிந்து காபி குடிக்கும்போது ஓர்லன், எல்லாம் நிறத்தால் வந்த வினை என்றார். அவரோடு பல வருடங்களாகச் சுடும் டெல்மர் அதைக் கேட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஏம்பா, குண்டுக்குக் கண்ணா இருக்கு? நான் சிவப்பு சட்டை போட்டிருக்கேன், வழி தெரியாதுன்னு அது நினைச்சுக்குமா?"

ஆனாலும் மறுநாள் அவனே கூட வந்தான். குண்டு டப்பாவின் அடியில் மார்லிஸ் பூசிய நீலக் குண்டுகள் கொஞ்சம் மிச்சமிருந்தன. ஒரே துப்பாக்கியில் முதலில் நீலம், பிறகு சிவப்பு. இலக்கு அட்டையில் நீலத்தின் துளைகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. சிவப்பு, கோழிக்குத் தீனி இறைத்த மாதிரி சிதறியிருந்தது. குழாயைத் துடைத்த துணியில் ஈயச் சீவல்கள் வந்தன. டெல்மர் தலையைச் சொறிந்துகொண்டான். எந்த நீலம் என்று மார்லிஸிடமே கேளேன் என்றான்.

அவளிடம் போய்க் கேட்க வேண்டியிருப்பது ஓர்லனுக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வீட்டுக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டார், சட்டை மாற்றினார், பிறகு தொலைபேசியை எடுத்தார்.

மார்லிஸ் கடைசிவரை கேட்டாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாகிறது என்று அவருக்குத் தோன்றியது.

"நீலம் தள்ளுபடில கிடைச்சுது, அதான் வாங்கினேன். பேரெல்லாம் ஞாபகம் இல்ல. அது கிடக்கட்டும், அடுப்பு சூடான பிறகு தட்டை வச்சியா, வச்சிட்டு அடுப்பைப் போட்டியா?"

"வச்சிட்டுப் போட்டேன். அந்த நிமிஷத்துல இருந்து கணக்கு."

"அது பாதி வெந்த குண்டு. தூள் உருகிப் பளபளன்னு ஆனதுக்கு அப்புறம்தான் நான் நேரமே பாக்க ஆரம்பிப்பேன். நீதான் அதுக்குள்ள நாலு தடவை வந்து ஆச்சா ஆச்சான்னு நிப்பியே. ஒண்ணைச் சுத்தியலால தட்டிப் பாரு. பூச்சு உரிஞ்சா வேகலைன்னு அர்த்தம்."

"அப்ப நிறத்துல ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல."

அவருக்கு இன்னும் கேட்க வேண்டும் போலிருந்தது. அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதா, காலையில் யாரோடு காபி குடிக்கிறாய், ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது. இந்த வயதில், இத்தனை நாள் கழித்து, எதை முதலில் கேட்பது என்று தெரியவில்லை.

"வேற ஏதாவது?" என்றாள் மார்லிஸ். கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"இல்ல. அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் ஒரு சிவப்புக் குண்டைச் சுத்தியலால் தட்டினார். பூச்சு முட்டை ஓடு போல உரிந்தது. புதிதாக ஒரு தட்டுக்குத் தூள் பூசினார். அடுப்பைக் காயவிட்டு, தட்டை வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தூள் மெல்ல இளகி மினுங்கத் தொடங்கிய பிறகே கடிகாரத்தைப் பார்த்தார். அவள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு டெல்மரோடு அவற்றைச் சுட்டுப் பார்த்தார். அட்டையை நோக்கி நடக்கும்போது, துளைகள் சிதறியிருக்க வேண்டும் என்று விரும்பினார். அதை டெல்மரிடம் சொல்லவில்லை. சிதறியிருந்தால் இன்னொரு கேள்வி இருக்கும்.

துளைகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடந்தன.

"நான் அப்பவே சொன்னேன்ல, கண்ணு இல்லைன்னு," என்றான் டெல்மர்.

அக்டோபர் போட்டியில் ஓர்லன் பெக்கர் சிவப்புக் குண்டுகளோடு இரண்டாம் இடத்தில் வந்தார். ஃபார்கோவுக்கு அவர் மறுபடி பேசவில்லை.