கடைசி ஃபைல்

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் முற்றுப்புள்ளி. யார் பேசினாலும் அவர்தான் முடித்து வைப்பார்.

நாங்கள் தயாரிப்பது ஒரு கணினி விளையாட்டு. ஒரு காடு, நாற்பது விலங்குகள். பசித்தால் என்ன செய்யும், பயந்தால் எங்கே ஓடும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல். ஒரே விஷயத்தை இரண்டு ஃபைல்கள் சொன்னால், கடைசியாக இருப்பது சொன்னதே செல்லும். விளையாடுகிறவர்களும் சொந்தமாக ஃபைல் எழுதிச் சேர்க்கலாம். அவை எங்களுடையவற்றுக்கும் பின்னால் போய் நிற்கும்.

நரி என் பொறுப்பு. குட்டி போட்ட நரி நேராக வளைக்குப் போகாது. பின்னால் வரும் ஓநாயைக் காடெல்லாம் இழுத்தடித்துவிட்டுத்தான் வீடு திரும்பும். அதற்கு எட்டு மாதம் உழைத்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. எனக்கு இந்த நரிக்குட்டிகள்.

வெளியீட்டுக்கு ஒரு வாரம் இருக்கையில் முற்றுப்புள்ளிக்குத் திடீரென்று ஒழுங்கின் மேல் ஆசை வந்தது. எல்லா விலங்குக்கும் சேர்த்துத் தானே ஒரு 'தலைமை ஃபைல்' எழுதினார். தலைப்புகள் அமர்க்களம், கீழே பாதி காலி. 'குட்டி இருந்தால்' என்பதற்கு நேரே ஒன்றுமே இல்லை. அதற்கு 99 என்று எண் போட்டுக் கடைசியில் வைத்தார்.

"சார், காலியா விட்டா அதுவும் ஒரு உத்தரவுதான். நரி நேரா வளைக்குப் போயிடும், ஓநாயும் பின்னாலயே போயிடும். உங்க ஃபைலை முதல்ல வச்சிடலாமே?"

"ஏம்மா, நான் முதல்ல சொல்லி, அதுக்கு மேல நீங்கல்லாம் சொல்லுவீங்களா?"

விளையாட்டு வெளியானது. நரி ஓநாயை விருந்தாளி போல வளைக்கு அழைத்துப் போனது. "இது நரியா, கழுதையா?" என்று விளையாடியவர்கள் எல்லாம் சிரித்தார்கள். குட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்தன.

என் பழைய ஃபைலை, ஓர் எழுத்தும் மாற்றாமல், 'நரியம்மா' என்ற பெயரில், விளையாடுகிறவர்கள் ஃபைல் சேர்க்கும் பகுதியில் போட்டேன். மூன்றே நாளில் பாதிப் பேர் அதைச் சேர்த்துக்கொண்டார்கள்.

முற்றுப்புள்ளி எல்லோரையும் கூட்டினார். "யாரோ நரியம்மாவாம். நரின்னா இதுதான்யா நரி! ஏம்மா, எட்டு மாசமா நீ என்ன பண்ணிட்டு இருந்த? கைகாலைப் பிடிச்சாவது அவங்களைக் கூட்டிட்டு வா."

"பேசிட்டேன் சார். வரேன்னுட்டாங்க. ஆனா தலைமை ஃபைல் முதல்ல போயிடணுமாம்."

"அவ்வளவுதானே? தாராளமா மாத்து. விஷயம் தெரிஞ்சவங்க சொன்னா கேட்டுக்கணும்."

அவர் எதிரிலேயே 99ஐ அழித்து 1 என்று போட்டேன். குட்டிகள் பிழைத்தன. கிளம்பும்போது, வழக்கம்போல, அவரே முடித்து வைத்தார்.

"அவங்க வந்ததும் உன் மேஜையைக் காலி பண்ணிக் குடுத்துடு."

"சரி சார்" என்றேன். மேஜையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நானே உட்கார்ந்தேன்.