வியாகுலமேரியின் சம்மதம்

பங்குச் சாமியார் கேட்டது ஒரே ஒரு கேள்வி. என் மூத்த மகள் வியாகுலமேரி அதற்குச் சொன்ன பதில், சாமியார் மூக்குப்பொடி போட்டு, தும்மி, துண்டால் மூக்கைத் துடைத்து முடித்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பதில் முழுவதும் கையால்தான். பக்கத்தில் நின்ற என் இளைய மகள் ஞானமணி அதைத் தமிழில் சொன்னபோது ஒரே வார்த்தையாக இருந்தது.

"சம்மதமாம் சாமி."

சாமியார் பேனாவை எடுத்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி, அவ இம்புட்டு நேரம் கையாட்டுனதுக்கு ஒத்த வார்த்தைதானா?"

"அம்புட்டுத்தான்ப்பா" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இது நடந்தது ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில், ஆவூர் மாதா கோயிலில், சாமியார் இருக்கும் பங்களாவில். எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள், இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. அதற்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சாமியார் கூப்பிட்டு, ஜெபமெல்லாம் மனப்பாடமா என்று மந்திரம் கேட்பார், சம்மதம் கேட்பார். கிறிஸ்மஸுக்கு முந்திய நாலு வாரம் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஐப்பசி முடிவதற்குள் ஓலை தொடங்காவிட்டால் கல்யாணம் தைக்குப் போய்விடும். என் மனைவி ஜெபமாலையம்மாள் அந்தப் பயத்திலேயே பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்தக் கைப்பேச்சை யாரும் வியாகுலமேரிக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்னதில் சோறு, தண்ணீர், வா, போ, அடி என்று நாலைந்து சாடைதான் இருந்தது. ஞானமணி பிறந்து தவழ ஆரம்பித்தாள், அதற்கப்புறம்தான் அது பெருகியது. இரண்டும் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு என்னென்னவோ உண்டாக்கின. ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பேர். நேற்று நடந்ததற்கு ஒரு விதம், நாளை நடக்கப்போவதற்கு வேறு விதம். பொய் சொன்னார்கள், கேலி செய்தார்கள். நான் அதைக் குரங்குச் சேட்டை என்று நினைத்தேன். கையை விட்டால்தான் வாய் வரும் என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் சொன்னதை நம்பி, புளிய விளாரால் கையிலேயே அடித்தேன். இரண்டு வருஷம் அடித்ததில் "ப்பா" என்று ஒரு சத்தம் வந்தது. அது என்னைக் கூப்பிட்டதா, வலியா என்று இன்றுவரை தெரியாது. பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் பேச்சில் நாற்பது சாடைக்கு மேல் எனக்குத் தெரியாது. இப்போது அவள் வாழ்க்கையே அந்தப் பேச்சில்தான் இருக்கிறது, நான் பேந்தப் பேந்த முழிக்கிறேன். யாரைப் போய்க் குறை சொல்வது?

"முழுசாச் சொல்லு. இல்லாட்டி நான் ஓலை வாசிக்க மாட்டேன்" என்றார் சாமியார்.

ஞானமணி அழுதுவிட்டாள். அக்கா என்ன சொன்னாலும் சம்மதம் என்று மட்டும் சொல்லிவிடு என்று வழியிலேயே அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். அக்காவுக்கு ஆகாமல் உனக்கு ஆகாது என்றும் சொல்லியிருக்கிறாள்.

"மாப்பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்லையாம் சாமி. ஆனா அந்த வீட்டுல நான் யாருகூடப் பேசுறதுன்னு கேக்குறா. சோறு, தண்ணி, வா, போ, இம்புட்டை வச்சுக்கிட்டு ஒரு ஆயுசு எப்புடி ஓட்டுறதுங்குறா. அவரு கத்துக்கிட்டு வரட்டும், அப்புறம் சொல்றேங்குறா."

வெளியே நின்ற மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை ஆரோக்கியமுத்து ஏர் ஓட்டுகிறவன், சாதுவான ஆள். அவன் தாய்மாமன் சந்தனராஜ்தான் வாய்.

"ஊமைக்கு நாக்கு இம்புட்டு நீளமா? நாங்க பொண்ணு எடுக்க வந்தமா, பாடம் படிக்க வந்தமா?"

எனக்குக் கொதித்தது. ஆனால் பத்து நிமிஷம் முன்னால் நானும் கிட்டத்தட்ட அதையேதான் நினைத்திருந்தேன். ஆரோக்கியமுத்து முன்னால் வந்து, "கத்துக்கிறேன் மாமா" என்றான். எந்த மாமனிடம் சொன்னான் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் தலையாட்டினோம்.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரக்கூடாது. அதனால் ஞாயிறு பூசை முடிந்து கோயில் வேப்பமரத்தடியில் பாடம் என்று ஏற்பாடானது. நானும் உட்கார்ந்தேன்.

இதைப்போல எரிச்சலான வேலை என் ஆயுசில் செய்ததில்லை. நாங்கள் இருவரும் சாடைகளை வரிசையாக மனப்பாடம் செய்தோம். தமிழில் நினைத்து, வார்த்தைக்கு ஒரு சாடையாக அடுக்கினோம். அது வியாகுலமேரிக்குப் பேச்சாகவே படவில்லை. அவள் முதலில் ஒரு ஆளைக் காற்றில் ஓரிடத்தில் நிறுத்தி வைப்பாள். பிறகு அந்த இடத்தைத் தொட்டாலே அந்த ஆள்தான். ஆரோக்கியமுத்து தன் தாயாரை நிறுத்திய இடத்தையும் மாட்டை நிறுத்திய இடத்தையும் குழப்பி, அம்மாவைக் குளத்தில் கழுவி முளைக்குச்சியில் கட்டினேன் என்று சொல்லிவிட்டான். இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மானம் போனது.

எங்களோடு பூசைக்கு வரும் அடுத்த வீட்டுப் பொன்னுத்தாய்க்கு நாலு வயது. அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. சும்மா வந்து மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஞாயிறு வியாகுலமேரி என்னவோ சொல்ல, நாங்கள் இரண்டு தடியன்களும் முழிக்க, அது எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. எப்படி ஏறியது அந்த மண்டைக்குள்? இந்த மண்டைக்குள் ஏன் ஏற மாட்டேன் என்கிறது? ஞானமணியைக் கேட்டால், "நீங்க படிக்கிறீங்கப்பா, அது பாக்குது" என்றாள். இது ஒரு பதிலா?

அன்றே பங்களாவில் மறுபடி கேள்வி. ஞானமணி வெளியே நிற்க வேண்டும் என்று சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆரோக்கியமுத்துவே தப்பும் தவறுமாகக் கையால் கேட்டான். அவள் பதில் சொன்னாள். எங்களுக்கு விளங்கவில்லை. அவள் பெருமூச்சு விட்டு, கைக்குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி மறுபடி சொன்னாள். ஆரோக்கியமுத்து முகம் மலர்ந்தது.

"என்ன சொல்லுது?" என்றார் சாமியார்.

"சம்மதம்தானாம் சாமி. ஆனா இப்ப இல்லையாம். நான் இன்னும் ரெண்டு வயசுப் புள்ளை மாதிரிதான் பேசுறேனாம். அறுப்பு முடியட்டுங்குது."

"சந்தனசாமி, நீ என்ன பார்த்தே?" என்று சாமியார் என் பக்கம் திரும்பினார்.

அறுப்பு எனக்கும் புரிந்திருந்தது. சொன்னேன். ஓலை தைக்குப் போனது. வெளியே காத்திருந்த சந்தனராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்தார். ஆரோக்கியமுத்து அவர் பின்னால் ஓடிப்போய், பாதி வழியில் திரும்பி, அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று கையால் சொன்னான். சரியாகத்தான் சொன்னான்.

வீட்டு வாசலில், ஓலை தைக்கு என்று நான் சொன்னதுமே ஜெபமாலையம்மாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தையா? எவ சொன்னா? ஞானமணியா?"

"ஞானமணி உள்ளயே வரல. மேரிதான் சொன்னா."

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"நான்தான் பாத்தேனே."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "வேற என்ன சொன்னா?"

"நெறையச் சொன்னா. மீதி வெளங்கல" என்றேன்.