லாரிக்கு இட்ட சந்தனம்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வெளியே பனி இறங்குகிறது, போர்வையை இழுத்து மூடிக்கொள்ளுங்கள். ஒரு புது லாரி கொதித்த கதை சொல்கிறேன். தொடக்கத்தில் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள், பிறகு வராது.

பதுளைக்கு ரயில் வந்த மறுவருடம் அது. கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்திருந்த கணபதியும் பக்கத்துக் கடைக்காரர் இருவரும் ஒரே மாதிரி லாரி மூன்றைக் கொழும்பிலிருந்து வாங்கினார்கள். ஆறு மாதத்துக்குள் மூன்றும் ஏற்றத்தில் கொதித்துக் கொதித்து நின்றன. எதிர்க்கடை இப்றாஹீமிடமும் அதே லாரிதான். அது மட்டும் மடுல்சீமை வரை நிற்காமல் போய் வந்தது.

“என்ன கணபதியண்ணே, இன்டைக்கும் ஒங்கட லாரி நடுவழியில தேத்தண்ணி போட்டிச்சாமே?” என்று சீண்டுவான் இப்றாஹீம்.

“போட்டுச்சு. ஒனக்கும் ஒரு கோப்பை எடுத்து வச்சிருக்கேன், வாய்யா.”

மூவரும் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். எஞ்சினில் குறையில்லை, ஓட்டுகிறவருக்குத்தான் பழக்கம் போதாது என்று பதில் வந்தது. கணபதியின் டிரைவர் ஸலீம் வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நிற்பான், அவ்வளவுதான்.

வெள்ளிதோறும் கணபதியின் மனைவி பாக்கியலெட்சுமி லாரிக்குப் பூசை செய்வாள். முன்பக்கம் தேன்கூடு மாதிரி இருக்குமே ரேடியேட்டர், அதுதான் அவளுக்கு லாரியின் முகம். அதில் கை நிறையச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை சாத்துவாள். லாரி கொதிக்கத் தொடங்கியதும் கண்ணேறு என்று பயந்து இன்னும் கெட்டியாக அப்பினாள். மற்ற இரண்டு வீட்டிலும் அதே கதைதான்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கணபதியும் ஸலீமும் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் அரிசி இறக்கிக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து தங்கராஜா ஓடிவந்தான். அவன் பெண்சாதி இராக்கம்மாவுக்கு இரண்டு நாளாக வலி, பிள்ளை வரவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பாள் என்று தோட்டத்து டாக்டரையா சொல்லிவிட்டார்.

“மொதலாளி, அவளையும் ஏத்திக்கங்க…”

“இதுல என்னப்பா கேள்வி? சாக்க விரிச்சுப் படுக்க வை. ஸலீம், எடு வண்டியை!”

பசறை தாண்டி ஏற்றம் பிடித்ததும் லாரி கொதித்தது. ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி எடுத்தார்கள். இரண்டு வளைவு போவதற்குள் மறுபடியும். மூன்றாம் தடவை நின்றபோது இராக்கம்மா கேட்டாள்.

“டவுனு தெரியுதாங்க?”

பக்கத்தில் இருந்த மரம்கூடப் பனியில் தெரியவில்லை.

“தெரியுது புள்ள. அந்தா, வெளிச்சம் தெரியுது” என்றான் தங்கராஜா.

நாலாம் தடவை எஞ்சின் ஆறக் காத்திருந்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை. வயிற்றுப் பிள்ளையும் அவளோடு போயிற்று.

அடுத்த வாரம் கம்பெனி ஆள் வந்து, ஒரு ஆணியால் ரேடியேட்டரைச் சுரண்டினான். காய்ந்த சந்தனம் ஓட்டுச்சில் மாதிரிப் பெயர்ந்து விழுந்தது, உள்ளே ஒட்டியிருந்த பூவிதழும் சேர்த்து.

“எஞ்சின் தண்ணிய ஆத்துற காத்து போற வழியெல்லாம் அடைச்சிருக்கு. வேற ஒண்ணுமில்லைங்க” என்றான்.

வாசலில் நின்ற பாக்கியலெட்சுமி ஸலீமைப் பார்த்தாள்.

“ஒனக்கு இது தெரியுமா தம்பி?”

“சந்தேகம் இருந்திச்சும்மா. ஆனா சாமி காரியம். நான் வேற மார்க்கம். அதப் பூசாதீங்கண்டு எப்படிச் சொல்ற?”

“அத்தனை திட்டு வாங்கினியே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே அய்யா…”

சாமிக்கு இட்ட சந்தனத்தைக் குப்பையில் போடுவார்களா? அவள் ஒவ்வொரு துண்டாகத் தட்டில் பொறுக்கி, ஆற்றில் கரைத்துவிட்டு வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை பூசை இல்லை. அதே லாரியில் ஏறி மடுல்சீமைக்குப் போனாள். லாரி ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. குற்றம் சந்தனத்தில் இல்லை என்றாகும்படி எங்காவது நின்றுவிடாதா என்று வழியெல்லாம் அவள் ஏங்கினாள். லயத்து வாசலில் நின்றபடியே தங்கராஜாவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அவன் லாரியைப் பார்த்தான்.

“நீங்க நல்லதுக்குத்தானேம்மா செஞ்சீங்க” என்றான்.

பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சரி, எழுந்திருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து அவசரமாய்ப் புறப்படும் வண்டி எதுவும் நடுவழியில் நிற்காமல் போய்ச்சேரட்டும். பிள்ளை பெறப் போனவள் பிள்ளையோடு திரும்பி வரட்டும். குறையைக் கண்டவர் கூச்சப்படாமல் வந்து சொல்லும் வாசலாக உங்கள் வாசல் என்றும் இருக்கட்டும்.