அடைப்பு இல்லாத நெஞ்சுவலி

1

இது ஒட்டுக்கேட்ட கதை. அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டார்கள். கன்னியம்மாள், சுப்பராயன் என்ற பெயர்கள் மட்டும் நான் வைத்தவை. ஊர் கள்ளிக்குப்பம் என்று அவர்களே சொன்னார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இதயம் என்பது ஒரு..." (வேண்டாம். காலண்டரில் போடுகிற வாக்கியம்.)

2

நாலு படி ஏறினால் கன்னியம்மாளுக்கு நெஞ்சு இறுக்கும். ஆஞ்சியோ எடுத்தார்கள், அடைப்பு இல்லை. சுப்பராயன் தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தார். அன்றோடு அவள் வலிக்கு வீட்டில் மரியாதை போயிற்று.

"படத்துல பெரிய குழாய்ங்கதான் தெரியும். இவங்களுக்குக் கோளாறு, அதுல தெரியாத பொடிக் குழாய்ங்கள்ல" என்றார் டாக்டர் கிருஷ்ணப்பிரியா. அதற்கு ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் மெஷின் சிகிச்சை, கத்தியே கிடையாது. காலிலும் தொடையிலும் இடுப்பிலும் பட்டை கட்டிப் படுக்க வைப்பார்கள். இதயம் துடிப்புக்கு நடுவே ஓய்கிற கணத்தில் பட்டைகள் இறுகி, ரத்தத்தை அதன் பக்கம் தள்ளும்.

3

நான் கேட்ட சண்டை:

"நெஞ்சு வலிக்கு கால அமுக்குறானுங்களா? அத்த நானே ஊட்ல அமுக்கி உட மாட்டேனா?"

"கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து ஒரு நாளு அமுக்கி உட்டிருக்கியாய்யா நீ?"

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஆஞ்சியோ அன்று வராந்தாவில் அழுதவர் இவர்தான். ஒருமுறை கிடைத்த நல்ல சேதியை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.)

4

இனி என் கற்பனை. மூன்றாவது வாரம். வலி கொஞ்சம் தணிந்திருக்கிறது. இன்று நசரத்பேட்டையிலிருந்து நாத்தனார் வீட்டார் விருந்துக்கு வந்திருக்கிறார்கள்.

"ஒரு நாளு மெஷின உடு. ஆபரேசனா இன்னா?" என்கிறார் சுப்பராயன்.

கன்னியம்மாள் அடுப்பை அணைக்கிறாள்.

முடிவு அ: அவள் மயங்கி விழ, அவர் பதறி... (அடித்துவிட்டேன். ஒருத்தி வலிக்கிறது என்று சொன்னால் போதாதா, விழுந்தும் காட்ட வேண்டுமா? எழுதும்போதே எனக்குக் கோபம் வந்தது.)

முடிவு ஆ: அவர் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிடுகிறார். (உங்களுக்குப் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் பொடிக் குழாய்களுக்கு அது போதாது.)

5

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். கன்னியம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போகச் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டாள். சுப்பராயன் நாற்காலியில் இருக்கிறார், வண்டிச் சாவி அவர் சட்டைப்பையில். நாத்தனார் புருஷன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவரை நாற்காலியிலிருந்து எழுப்ப என்னால் ஆகவில்லை, நீங்கள் எழுப்புங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் நடந்தே கிளம்பிவிடுவாள். நடந்தால் அவளுக்கு வலிக்கும்.