அணைக்காத மைக்

மைக்செட்காரருக்கு ஒரே வேதம்தான். பேசுவது அவரவர் உரிமை, அதைக் காதில் விழவைப்பது தன் தொழில். எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போவார். "வாய் அவங்களோடது, ஒயர்தான் என்னோடது" என்பார். மேடையில் யாரை யார் நாறடித்தாலும், சத்தம் இரையாமல் இருந்தால் அவருக்குப் போதும்.

அன்று மாலைக் கூட்டத்துக்கு ஒரு குழாய் ஒலிபெருக்கியைத் தன் அக்காவின் தையல்கடைக்கு எதிர்க்கம்பத்தில் கட்டினார். அதன் வாயை அவள் ஜன்னல் பக்கமே திருப்பி வைத்தார். காரணம் இருந்தது. நகர்மன்றத்தில் அக்கா எழுந்து, தெருவிளக்கு எப்போது வரும் என்று தலைவரிடம் மரியாதையாகக் கேட்டிருந்தாள். இன்று அவர் பதில் சொல்வாராம். தைத்துக்கொண்டே கேட்கட்டுமே!

தலைவர் தொண்டையைச் செருமினார். "ஒரு பொம்பளையை விட்டுட்டுப் புருஷன் ஓடிட்டான். ஏம்ப்பா ஓடினேன்னு கேட்டேன். 'அவ வாயைத் தைக்க நூல் பத்தலைங்க'ன்னான்."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. மைக்செட்காரரும் சிரித்தார். கோழி கேறுவதுபோல இழுத்து இழுத்து வரும் சிரிப்பு அது, வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"அந்த அம்மாதான் இப்ப விளக்கு கேக்கறாங்க. ராத்திரி யார் யார் வந்து போறாங்கன்னு வெளிச்சம் போட்டுப் பாக்கணுமாம்!"

மைக்செட்காரரின் சிரிப்பு நின்றது. புருஷன் விட்டுப்போனபின் ஊசியும் நூலுமாக ஒற்றையாளாய்ப் பிள்ளையை வளர்த்த அக்கா! அவளையா? இத்தனை பேர் நடுவிலா? பாவி, இது ஒரு பதிலா?

நிறுத்தலாம் என்று கருவியிடம் கையைக் கொண்டுபோனபோதுதான் பார்த்தார். சத்தம் சரிபார்க்க அவர் பக்கத்திலேயே வைத்திருக்கும் சின்ன மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூட்டம் தொடங்குமுன் "ஹலோ, செக்" சொன்னவர் அதை அணைக்க மறந்திருந்தார்.

எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு ஓடினார்.

அக்கா மெஷினில் குனிந்திருந்தாள். வெளியே குழாய் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்த ஆளை நான் சும்மா விடமாட்டேன். இப்பவே போய் ஒயரைப் பிடுங்கறேன்."

"வேண்டாம், பேசட்டும்." அவள் நிமிரவில்லை. "பேர் போட்டு, மேடை போட்டுப் பேசறாரு. அடுத்த கூட்டத்துல எழுந்து நின்னு, நீங்க பேசினது நியாயமான்னு அவர் மூஞ்சியப் பாத்தே கேப்பேன். எனக்கும் வாய் இருக்கு."

மெஷின் நின்றது. அவள் கண் சிவந்திருந்தது.

"நீ எதுக்குடா சிரிச்ச?"

"நீன்னு தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது."

"வேற எவளோன்னு நெனச்சுதான் அங்க எல்லாரும் சிரிச்சாங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.